மோட்டார்ஹோமில் சைக்கிள் தாங்கி: துளை போடுமுன் பின் அச்சை நிறுத்துப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோடை விடுமுறைக்கான உங்கள் பயணப் பக்கத்தில், மோட்டார்ஹோமின் பின்சுவரில் சைக்கிள் தாங்கி பூட்டுவது பற்றி ஒரு பெட்டிச் செய்தி வந்திருந்தது. நான்கு போல்ட், ஒரு மணி நேர வேலை, நான்கு சைக்கிள் வரை ஏற்றலாம் என்பதுதான் அதன் சாரம். பிரித்தானியாவில் இன்று பல தமிழ்க் குடும்பங்கள் பழைய மோட்டார்ஹோம் ஒன்றை வாங்கிப் பிள்ளைகளோடு ஸ்கொட்லாந்துக்கும் பிரான்சுக்கும் போய்வருகின்றன. அந்தக் குறிப்பை வாசித்த யாராவது சனிக்கிழமை காலையில் துளைப்பானைக் கையில் எடுத்துவிடக்கூடும் என்ற பயம்தான் என்னை எழுத வைக்கிறது. போட்ட துளையைத் திருப்பி எடுக்க முடியாது. மோட்டர்வேயில் கழன்று விழும் சைக்கிள் பின்னால் வருபவரின் உயிரையே எடுத்துவிடக்கூடும். இந்த வேலையைத் தொழிலாகச் செய்கிறவன் என்பதால், அந்தக் குறிப்பில் விடுபட்டவற்றைக் கணக்கோடு எழுதுகிறேன்.

முதலில் அந்த ‘நான்கு சைக்கிள்’ கதை. பியாமா, தூலே என்ற இரண்டு பெயர்களைத்தான் இங்கே கடைகளில் அதிகம் காண்பீர்கள். இரண்டுமே நல்ல பொருட்கள். அவர்களுடைய சுவர்த் தாங்கிகள் பலவற்றின் சுமை எல்லை 60 கிலோ. சைக்கிள் சில்லுகள் உட்காரும் தடங்களைக் கூடுதலாக வாங்கி நான்கு சைக்கிளுக்கு நீட்டலாம் என்பது உண்மைதான். ஆனால் தடம் கூடுவதால் எல்லை கூடாது, அதே 60 கிலோதான். நான்காகப் பிரித்தால் சைக்கிள் ஒன்றுக்கு 15 கிலோ. சாதாரண சைக்கிளுக்கு அது போதும். மின்சைக்கிள் என்றால் ஒன்றே 23 முதல் 27 கிலோ வரை வரும். 25 கிலோ என்று வைத்துக்கொண்டால் இரண்டோடு 50 ஆகிவிடும், மூன்றாவதை ஏற்றினால் 75. பற்றரிகளைக் கழற்றி வாகனத்துக்குள் வைத்தால் ஒவ்வொன்றிலும் சுமார் 3 கிலோ குறைந்து இரண்டும் 44 கிலோவாகும். அப்போது 10 கிலோ அளவான பிள்ளையின் சைக்கிள் ஒன்றையும் சேர்த்து ஏற்றலாம். குளியலறைத் தராசில் நீங்கள் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு ஏறி நின்று, பிறகு வெறுமனே ஏறி நின்று கழித்துப் பாருங்கள். கூடை, பூட்டு, பிள்ளை இருக்கை எல்லாம் அதில் சேரவேண்டும். விளம்பரத் தாளில் போட்டிருக்கும் எடை பெரும்பாலும் இவை எதுவும் இல்லாத எடை.

அடுத்தது பின் அச்சு. இதைத்தான் எல்லாரும் மறந்துபோகிறார்கள்.

வாகனத்தின் முன்மூடிக்குள் அல்லது கதவுத் தூணில் ஒரு சிறிய தகடு இருக்கும். அதில் நான்கு எண்களைக் காணலாம். முதலாவது வாகனத்தின் மொத்த எடை எல்லை. இரண்டாவது இழுவண்டியோடு சேர்ந்த எல்லை. மூன்றாவது முன் அச்சுக்கும் நான்காவது பின் அச்சுக்கும் உரிய எல்லைகள். பல மோட்டார்ஹோம்களுக்கு அடிப்படையான வான் பியற் டுகாட்டோ; அதன் 3,500 கிலோ இலகு அடிச்சட்டத்தில் முன் அச்சுக்கு 1,850, பின் அச்சுக்கு 2,000 என்று இருப்பது வழக்கம். மொத்தம் 3,500ஐத் தாண்டாமலே பின் அச்சு மட்டும் தாண்டிவிடலாம் என்பதை இந்த எண்களே சொல்கின்றன.

சைக்கிள் தாங்கி பின் அச்சுக்கு நேர் மேலே இருப்பதில்லை. அதற்கு வெகு பின்னால் தொங்குகிறது. ஆகவே அது நெம்புகோல் போல வேலை செய்யும். பின்பக்கம் அமுங்க, முன்பக்கம் எழும்பும். கணக்கு எளிது. முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடைத்தூரம் 4,035 மி.மீ. என்று எடுங்கள். பின் அச்சிலிருந்து சைக்கிள்களின் நடுப்பகுதி வரை 2,600 மி.மீ. இரண்டையும் கூட்டினால் 6,635. அதை 4,035ஆல் வகுத்தால் 1.64. இரண்டு மின்சைக்கிள் 50 கிலோ, தாங்கி 10 கிலோ, மொத்தம் 60. அதை 1.64ஆல் பெருக்கினால் பின் அச்சில் ஏறும் சுமை ஏறத்தாழ 99 கிலோ. முன் அச்சிலிருந்து 39 கிலோ குறைந்துவிடும்.

ஒரு உதாரணம் சொல்கிறேன். குடும்பம் ஏறி, தண்ணீர், காஸ் எல்லாம் நிரப்பியபின் முன்னால் 1,480, பின்னால் 1,920, மொத்தம் 3,400 கிலோ என்று எடைமேடை காட்டுகிறது. இன்னும் 100 கிலோ இடம் இருக்கிறது, 60 கிலோதானே ஏற்றப் போகிறோம் என்று மனம் சொல்லும். ஏற்றியபின் முன்னால் 1,441, பின்னால் 2,019. மொத்தம் 3,460தான், சட்டத்துக்கு உட்பட்டது. பின் அச்சோ 19 கிலோ கூடிவிட்டது. அச்சு எல்லையைத் தாண்டுவதும் தனிக்குற்றம். எவ்வளவு கூடியது என்பதைப் பொறுத்து 100 முதல் 300 பவுண்ட் வரை தண்டம் வரலாம். அதைவிடப் பெரிய தொல்லை, சுமையை இறக்கும்வரை வாகனத்தை நகர்த்தவிடாமல் தடுக்கவும் கூடும்.

ரயரையும் பாருங்கள். இந்த இலகு அடிச்சட்டத்தில் பெரும்பாலும் 215/70 ஆர்15 சி.பி. என்ற ரயர் இருக்கும், பக்கத்தில் 109 என்று அச்சிட்டிருக்கும். 109 என்றால் ஒரு ரயர் 1,030 கிலோ தாங்கும், இரண்டும் 2,060. மேலே சொன்ன வாகனம் அந்த எல்லைக்கு 41 கிலோ தள்ளி நிற்கிறது. காற்று சற்றுக் குறைந்த ரயரோடு வெயிலில் நாள் முழுக்க ஓடினால் வெடிப்பது பின் ரயர்தான். அச்சு எடையை ரயர் நிறுவனத்துக்கு அனுப்பினால் அதற்கேற்ற காற்றழுத்தத்தைச் சொல்வார்கள். முன்பக்கம் எழும்புவதிலும் ஒரு தொல்லை உண்டு. டுகாட்டோ முன்சில்லில் இழுக்கும் வாகனம். மழை பெய்த புல்தரையில் அந்த 39 கிலோ குறைந்ததால் சில்லு வெறுமனே சுழலும்.

ஆகவே தாங்கியை வாங்குமுன் பொது எடைமேடைக்குப் போங்கள். பயணம் போகும் கோலத்திலேயே, ஆட்கள் இருக்கையில் இருக்க, முன்சில்லுகளை மட்டும் ஏற்றி ஒருமுறை, முழுவதுமாக ஒருமுறை, பின்சில்லுகளை மட்டும் ஒருமுறை நிறுங்கள். சீட்டைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் இடம் இல்லை என்று தெரிந்தால் முதலில் பின் பெட்டியில் அடுக்கிய ஜாக்கி, கதிரை, சாராயப் பெட்டி, கருவிகள் எல்லாவற்றையும் அச்சுகளுக்கு நடுவே நகர்த்துங்கள். கழிவுநீர்த் தொட்டி பின்னால் இருந்தால் ஓடுமுன் காலியாக்குங்கள். ‘பின் வில்லுக்குத் துணையாகக் காற்றுப்பை போட்டுவிட்டோம், இனிப் பயமில்லை’ என்று பலர் நம்புகிறார்கள். காற்றுப்பை வாகனத்தை நிமிர்த்தி நிற்க வைக்கும், அவ்வளவுதான். பின் அச்சின் எல்லை முறைப்படி உயர்த்தப்பட்டுப் புதிய தகடு வரும்வரை சட்டப்படி பழைய எண்தான். மொத்த எல்லையை 3,500க்கு மேல் உயர்த்தினால் சாரதிப் பத்திரத்தைப் பாருங்கள். 1997 ஜனவரி 1 முதல் கார் ஓட்டும் பரீட்சையில் சித்தியடைந்தவர்களுக்கு, 3,500 கிலோவுக்கு மேற்பட்ட இத்தகைய வாகனத்துக்குத் தேவையான சி1 வகை தானாகக் கிடைத்திருக்காது.

எடை சரியாக வந்தால் சுவருக்கு வரலாம்.

அடிச்சட்டத்தின் மேல் தனியாகக் கூண்டு கட்டிய மோட்டார்ஹோமின் சுவர் வீட்டுச் சுவர் அல்ல. வெளியே மெல்லிய அலுமினியம் அல்லது கண்ணாடியிழைத் தகடு, நடுவே நுரைப்பலகை, உள்ளே 3 மி.மீ. அளவான ஒட்டுப்பலகை. மூன்றும் பசையால் ஒட்டியவை, மொத்தத் தடிப்பு 30 மி.மீ. அளவு. சில இடங்களில் மட்டும் நுரைக்குப் பதிலாக மரச்சட்டமோ வலுவூட்டும் கட்டையோ இருக்கும். வேறு சில வாகனங்களில் பின்பக்கம் முழுவதும் ஒரே வார்ப்பாக வந்த கண்ணாடியிழை ஓடு. அதற்குப் பின்னால் வெற்றிடம். விரல் மடிப்பால் தட்டிக்கொண்டே போனால் வித்தியாசம் கேட்கும். கட்டை உள்ள இடத்தில் சத்தம் கெட்டியாகக் கேட்கும், நுரையில் மந்தமாக இருக்கும், வெறும் ஓட்டில் மத்தளம் போல அதிரும். தட்டிப் பார்ப்பது ஒரு அறிகுறிதான். வாகனம் கட்டிய நிறுவனத்திடம் மாதிரிப் பெயரும் அடிச்சட்ட எண்ணும் கொடுத்துப் பின்சுவரின் வலுவூட்டிய இடங்களுக்கான வரைபடம் கேளுங்கள். அது கையில் வராமல் துளைப்பானை எடுக்கவேண்டாம். ‘எல்லாச் சுவரும் ஒன்றுதான்’ என்று சொல்கிற பூட்டுநரிடம் வாகனத்தைக் கொடுக்கவே கொடுக்காதீர்கள்.

ஏன் இவ்வளவு கவனம் என்றால், மேல் போல்ட்டும் கீழ் போல்ட்டும் ஒரே வேலையைச் செய்வதில்லை. கீழ்ப் பிடிகள் சுவரைத் தள்ளுகின்றன. மேல் பிடிகள் சுவரைப் பிடுங்கி எடுக்கப் பார்க்கின்றன. சைக்கிளும் தாங்கியும் சேர்ந்த 60 கிலோவின் நடுப்பகுதி சுவரிலிருந்து 400 மி.மீ. தள்ளி இருக்கிறது, மேல் பிடிக்கும் கீழ்ப் பிடிக்கும் இடையே 1,000 மி.மீ. உயரம் என்று எடுத்தால், மேல் பிடிகளில் விழும் இழுப்பு 24 கிலோ. பெரிதில்லை. அதே தாங்கியை யன்னலுக்குக் கீழே நெருக்கி 600 மி.மீ. இடைவெளியில் பூட்டினால் இழுப்பு 40 கிலோ ஆகிவிடும். இது வாகனம் நிற்கும்போது. குழியில் விழுந்து எழும்பும்போது இரண்டு மூன்று மடங்காகும், ஒரு பயணத்தில் ஆயிரக்கணக்கான தடவை. நுரையில் மட்டும் பிடித்த போல்ட் அந்தத் தட்டலில் மெல்ல மெல்ல உள்ளே அமிழ்ந்து தளரும். ஆகவே இரண்டு தாங்கிகளில் எதை எடுப்பது என்று யோசிப்பவர்களுக்கு என் பதில்: பிடிகளை மேலுக்கும் கீழுக்கும் அதிகம் விரித்துப் பூட்டக்கூடியதை எடுங்கள். பின் யன்னல் பெரிதாக இருந்து பிடிகளை விரிக்க இடம் இல்லையென்றால் அந்த வாகனத்துக்குச் சுவர்த் தாங்கி பொருந்தாது.

இனிப் பூட்டும் முறை. இரண்டு பேர் வேண்டும், ஒரு மணி நேரம் போதாது, ஒரு பகலும் அடுத்த நாள் காலையும் வேண்டும். வாகனத்தை மட்டமான இடத்தில் நிறுத்தி, சுவரைக் கழுவிக் காயவிட்டு, துளை வரும் இடங்களில் காகித ஒட்டுநாடா ஒட்டுங்கள். ஒருவர் தாங்கியைப் பிடிக்க, மற்றவர் சற்றுத் தள்ளி நின்று பார்க்கவேண்டும். யன்னல் திறக்குமா, பின் பெட்டிக் கதவு இடிக்குமா, ஏணி குறுக்கே வருமா, பின்கமராவின் பார்வை மறையுமா, விளக்கு மறையுமா. தாங்கியை மடித்த நிலையிலும் விரித்த நிலையிலும் இதைப் பாருங்கள். பிறகு உள்ளே போய் அலமாரித் தட்டுகளையும் மெத்தையையும் அகற்றுங்கள். பின்சுவருக்குள் மின்கம்பி, விளக்கு இணைப்பு, சில வாகனங்களில் காஸ் குழாயும் போகும். மின்கம்பி காட்டும் கருவியால் தடவிப் பார்த்து, பற்றரி இணைப்பையும் வெளி மின்சாரத்தையும் துண்டித்துவிட்டு வேலை தொடங்குங்கள். வெளியே குறித்த புள்ளி உள்ளே எங்கே வரும் என்பதை யன்னல் சட்டத்தை ஆதாரமாக வைத்து இரண்டு பக்கமும் அளந்து உறுதிசெய்யவேண்டும். அளக்காமல் துளைத்தால் அலமாரியின் நடுப்பலகைக்குள் போல்ட் வந்து நிற்கும், நட் பூட்ட இடமிருக்காது.

முதல் துளை 3 மி.மீ. மட்டும். துளைப்பான் சுவருக்கு நேர்குத்தாக நிற்கவேண்டும், சாய்ந்தால் வெளித்துளையும் உள்துளையும் பொருந்தாது. இங்கே அவசரப்படாமல் துளைப்பானின் நுனியில் ஒட்டிவரும் தூளை உள்ளங்கையில் தட்டிப் பாருங்கள். வெள்ளையாகவோ நீலமாகவோ உலர்ந்த மணிமணியான தூள் என்றால் நுரை. வெளிர்நிறமாக மரவாசனையோடு சுருள்சுருளாக வந்தால் நீங்கள் தேடிய கட்டை கிடைத்துவிட்டது. கறுப்புக் கலந்த மண்ணிறமாக, விரலுக்கிடையே உருட்டினால் பாக்குத்தூள் ஊறியது போல ஒட்டுகிறதென்றால் உடனே நிறுத்துங்கள். அந்தச் சுவருக்குள் ஏற்கெனவே தண்ணீர் போயிருக்கிறது, மரம் இற்றிருக்கிறது. அங்கே எந்தப் போல்ட்டும் நிற்காது. முதலில் கசிவு எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடித்துச் சுவரைத் திருத்தவேண்டும், அதற்குப் பிறகுதான் தாங்கி.

தூள் நல்லதென்றால் துளையைப் போல்ட்டின் அளவுக்குப் பெரிதாக்கலாம். போல்ட்டை அப்படியே விட்டு நட்டை இறுக்கினால் நடுவில் இருக்கும் நுரை நசுங்கி, வெளித்தகடு கிண்ணம் போலக் குழியும். மழைநீர் தேங்கும் முதல் இடம் அந்தக் குழிதான். அதைத் தடுக்க, போல்ட் உள்ளே போகக்கூடிய ஒரு உலோகக் குழாய்த் துண்டை நுரைக்குள் வைக்கவேண்டும். அதன் நீளம் சுவர்த் தடிப்பைவிட அரை மில்லிமீட்டர் குறைவாக இருக்கட்டும். நட் இறுகும்போது சுவர் மெல்லப் பிடிபடும், குழாயில் வந்து முட்டி நின்றுவிடும். இதற்காக உள்ளிருந்து அகலமான துளை போட்டு நுரையைச் சற்று எடுத்துவிட்டு, குழாயைச் சுற்றி எப்பொக்சி நிரப்புவது நல்ல வேலை. வெளித்தகட்டின் துளையைப் பெரிதாக்கவே வேண்டாம். உள்ளே சாதாரண வாஷர் போதாது. 100க்கு 60 மி.மீ. அளவான, 3 மி.மீ. தடிப்புள்ள அலுமினியத் தகடு ஒவ்வொரு பிடிக்கும் வேண்டும், நைலோன் வளையம் உள்ள நட் வேண்டும். துருப்பிடிக்காத உருக்குப் போல்ட் அலுமினியத்தைத் தொடும் இடத்தில் நைலோன் வாஷர் போடுங்கள். குளிர்காலத்தில் வீதியில் தூவும் உப்பு இரண்டுக்கும் நடுவே போனால் அலுமினியம் வெள்ளைப் பொடியாகும்.

பசை விஷயத்தில் ஒன்றை வற்புறுத்திச் சொல்கிறேன். குளியலறைச் சிலிக்கனைத் தொடவே தொடாதீர்கள். புளித்த வினாகிரி மணம் வரும் அந்த வகை அலுமினியத்தை அரிக்கும். அதைவிடக் கேடு, ஒருமுறை சிலிக்கன் பூசிய இடத்தில் பிறகு வேறெந்தப் பசையும் ஒட்டாது, பெயின்ற்கூட ஒட்டாது. கரவன் வேலைக்கென்று வரும் சிக்காஃபிளெக்ஸ் 522 போன்ற பசையை எடுங்கள். துளையின் விளிம்பிலுள்ள பிசிறைத் தட்டி, சுவரை மதுசாரத்தால் துடைத்து, துளைக்குள்ளும் போல்ட்டின் கழுத்திலும் பிடியின் அடியிலும் பசை பூசுங்கள். இப்போது நட்டை முழுவதும் இறுக்கிவிட்டால் பசையெல்லாம் பிதுங்கி வெளியே வந்துவிடும், உள்ளே மிஞ்சுவது காகிதத் தடிப்புத்தான். விரலால் இறுகும் அளவு மட்டும் இறுக்கிவிட்டு ஒரு இரவு விடுங்கள். மறுநாள் பசை இறப்பராக மாறியபின் சாவியால் கால் சுற்று இறுக்கினால் அதுவே நல்ல வாஷராக நின்றுபிடிக்கும். பிடியின் மேல் விளிம்பிலும் இரண்டு பக்கங்களிலும் வரிசையாகப் பசை போட்டு, கீழ் விளிம்பை மட்டும் திறந்து விடவேண்டும். எப்போதாவது நீர் புகுந்தால் கீழால் வடிந்து கண்ணில் படும். நான்கு பக்கமும் அடைத்தால் உள்ளே தங்கிச் சுவருக்குள் வழி தேடும்.

துளை போடுமுன்னரே ஈரமானியால் பின்சுவரின் உட்பக்கத்தை அளந்து எண்களை எழுதி வையுங்கள். 15 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் நல்லது. 20ஐத் தாண்டினால் விசாரிக்க வேண்டும். ஆறு மாதம் கழித்து அதே இடங்களை மறுபடி அளந்து ஒப்பிடுங்கள். வாகனத்துக்கு நீர்க்கசிவு உத்தரவாதம் இன்னும் இருந்தால், அங்கீகாரம் பெறாதவர் போட்ட துளை அந்த உத்தரவாதத்தையே இல்லாமல் ஆக்கக்கூடும். அப்படிப்பட்ட வாகனத்தில் காசு செலவானாலும் விற்பனையாளரைக் கொண்டே செய்விப்பதுதான் புத்தி. காப்புறுதி நிறுவனத்துக்கும் எழுத்தில் அறிவியுங்கள்.

கூண்டு இல்லாத, தகட்டு வானிலிருந்து மாற்றிய வாகனங்களில் சுவரே கிடையாது, இரண்டு பின்கதவுகள்தான். அவற்றுக்கு வரும் தாங்கிகள் கதவின் மேல் விளிம்பில் கொளுவிக் கீழே இறுக்கும் வகை. பலவற்றுக்குத் துளை தேவையில்லை. ஆனால் இவற்றில் 35 கிலோ மட்டும் தாங்கும் மாதிரிகள் இருக்கின்றன. இரண்டு மின்சைக்கிள் அதில் ஏறாது, ஆகவே பெட்டியின் மேல் எண்ணைப் பார்த்து வாங்குங்கள். பாரம் கதவின் பிணைச்சலில் விழுவதால் கதவு காலப்போக்கில் தாழும். பூட்டுமுன் இரண்டு கதவுக்கும் இடையிலான இடைவெளியை மேலும் கீழும் அளந்து குறித்து வைத்தால் தாழ்வது தெரியும். பிடியின் இறப்பர் படும் இடத்தில் பெயின்றைக் காக்கும் தெளிவான படலம் ஒட்டாவிட்டால், நடுவே சிக்கும் மணல் ஒரே பயணத்தில் தகடு தெரியத் தேய்த்துவிடும்.

மின்சைக்கிள்காரர்களுக்கு நான் பெரும்பாலும் சொல்வது இழுவைக் கொக்கியில் பூட்டும் தாங்கியைத்தான். சுவர்த் தாங்கியில் 25 கிலோவை நெஞ்சுயரத்துக்குத் தூக்கவேண்டும், அறுபது வயதில் அது முதுகைப் பிடிக்கும். கொக்கித் தாங்கி முழங்கால் உயரத்தில் இருக்கும், சுவரில் துளையும் இல்லை. நிபந்தனை என்னவென்றால் கொக்கி அந்த அடிச்சட்டத்துக்கென்று அங்கீகரிக்கப்பட்டதாக இருக்கவேண்டும். அதன் தகட்டிலுள்ள செங்குத்துச் சுமை எல்லைக்குள் தாங்கியும் சைக்கிளும் சேர்ந்து அடங்கவேண்டும். பின் அச்சுக் கணக்கு இதற்கும் உண்டு, சில வேளை நெம்புநீளம் இன்னும் கூடும். புகைக்குழாயின் வாய் சைக்கிள் ரயரைப் பார்த்துக்கொண்டிருந்தால் ரயர் உருகும், ஆகவே குழாயின் முனையைத் திருப்பவேண்டும். கப்பல் மேடையில் ஏறும்போது தாழ்ந்த தாங்கி நிலத்தில் உரசும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

விளக்கும் இலக்கத்தகடும் மறையக்கூடாது. சைக்கிளை ஏற்றியபின் நேரே பின்னாலும், இரண்டு பக்கச் சாய்விலும் நின்று பாருங்கள். பிரேக் விளக்கு, சைகை விளக்கு, இலக்கத்தகடு மூன்றில் எது மறைந்தாலும் விளக்குப் பலகை வேண்டும், அதில் ஒளியூட்டிய இலக்கத்தகடும் வேண்டும். இலக்கத்தகடு ஒழுங்காகத் தெரியாவிட்டால் தண்டம் 1,000 பவுண்ட் வரை போகலாம். பலகைக்கு மின்சாரம் எடுக்க, பின்விளக்குக் கம்பியைச் சீவி முறுக்கிவிடும் பழக்கம் இன்றைய வாகனங்களுக்கு ஆகாது. வாகனக் கணினி, விளக்கு பழுது என்று எச்சரிக்கை காட்டும், சிலவேளை விளக்கையே அணைத்துவிடும். இழுவண்டி விளக்குகளுக்கென்று தனியாக வரும் மின்கூற்றைப் போட்டு 13 ஊசிச் செருகி வைப்பதே சரி.

ஏற்றும் ஒழுங்கு: பாரமான சைக்கிள் சுவரோடு, இலேசானது வெளியே. ஒன்று இடப்பக்கம் பார்த்தால் மற்றது வலப்பக்கம் பார்க்கவேண்டும், இல்லாவிட்டால் கைபிடிகள் மோதும். சுவருக்கருகே இருக்கும் மிதியடியைக் கழற்றுங்கள், அல்லது கிடையாகத் திருப்பிப் பஞ்சு சுற்றுங்கள். பத்து மணி நேர ஓட்டத்தில் அது தகட்டில் துளையே போட்டுவிடும். கார்பன் சட்டத்தில் இறுக்கும் பிடியைப் போடக்கூடாது, நசுங்கிக் கண்ணுக்குத் தெரியாமல் வெடிக்கும். அதற்குப் பட்டி மட்டும். குறுக்குச் சட்டமில்லாத பெண்கள் சைக்கிளுக்குத் தற்காலிகக் குறுக்குக் கம்பி வாங்கவேண்டும். பிள்ளைகளின் சிறிய சைக்கிள் தடத்துப் பட்டிக்கு எட்டாது, அதற்கும் தனிப் பட்டி. எல்லாம் கட்டியபின் வெளிச் சைக்கிளின் இருக்கையைப் பிடித்து உலுக்குங்கள். வாகனமும் சேர்ந்து ஆடினால் சரி, சைக்கிள் மட்டும் ஆடினால் அவிழ்த்து மறுபடி கட்டுங்கள். முழு உறை போட்டு மோட்டர்வேயில் ஓடாதீர்கள், அது பாய்மரம் போலக் காற்றைப் பிடிக்கும். பற்றரி இருந்த குழியையும் கைபிடித் திரையையும் மட்டும் மூடினால் போதும். 50 கிலோமீட்டர் ஓடியபின் நின்று எல்லாப் பிடியையும் ஒருமுறை இறுக்குங்கள். பிளாஸ்ரிக் பட்டிகள் வெயிலில் வெளிறி, மடித்தால் வெள்ளைக் கோடு விழுந்தால் மாற்றுங்கள். பிடியைச் சுற்றிச் சுவரில் நட்சத்திரம் போல மெல்லிய வெடிப்புத் தெரிந்தால் சுவர் வளைகிறது என்று அர்த்தம். உடனே சைக்கிளை இறக்கிவிட்டுக் காட்டவேண்டும்.

ஐரோப்பாவுக்குப் போகிறவர்களுக்கு இன்னும் இரண்டு விடயம். கப்பலுக்குப் பதியும்போது தாங்கியும் சைக்கிளும் சேர்ந்த முழு நீளத்தைக் கொடுங்கள். வாகனத்தின் நீளத்தை மட்டும் கொடுத்தால் துறைமுகத்தில் மேலதிகம் கேட்பார்கள், இடமில்லாவிட்டால் திருப்பியும் விடலாம். இத்தாலியிலும் ஸ்பெயினிலும் பின்னால் நீட்டியிருக்கும் சுமையில் 50க்கு 50 செ.மீ. சிவப்பு வெள்ளைச் சாய்வுக் கோட்டுப் பலகை கட்டாயம். இத்தாலியப் பலகையில் சிவப்புக் கோடு ஐந்து, ஸ்பானியப் பலகையில் மூன்று. இத்தாலிக்கு ஒளி திருப்பும் அலுமினியப் பலகை வேண்டும், பிளாஸ்ரிக் செல்லாது. இருபுறமும் அச்சிட்டது ஒன்று வாங்கினால் இரு நாட்டுக்கும் திருப்பிப் போட்டுக்கொள்ளலாம்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். பயணப் பக்கத்தின் அடுத்த இதழில் அந்தப் பெட்டிச் செய்திக்குத் திருத்தம் போடுங்கள். இடம் குறைவென்றால் இந்தக் கடிதத்தில் பின் அச்சுக் கணக்கை மட்டுமாவது எடுத்துப் போடுங்கள்: சுமையை, அச்சு இடைத்தூரமும் பின்தொங்கலும் சேர்ந்த நீளத்தால் பெருக்கி, அச்சு இடைத்தூரத்தால் வகுக்கவேண்டும். பாடசாலை விடுமுறை தொடங்குமுன் அது வந்துவிட்டால் நல்லது. எடைமேடைகள் பலவும் சனி, ஞாயிறில் பூட்டியிருக்கும், வாசகர்களுக்கு ஒரு வார நாளாவது கையில் வேண்டும்.

இப்படிக்கு,
மோட்டார்ஹோம் பழுதுபார்க்கும் தொழிலாளி ஒருவர்,
குரோய்டன், லண்டன்